மேல் கழுவுதல்

இரும்புக்கடைக்கு மேலேதான் எங்கள் ஜிம்.
கீழே முறுக்குக்கம்பி விற்கிறார்கள்,
மேலே நாங்கள் அதே இரும்பைத்
தூக்கித் தூக்கி அதே இடத்தில் வைக்கிறோம்.
பெண்களுக்கு நாலரையிலிருந்து ஆறு.
ஆண்கள் விட்டுப்போன வாங்கில்
யாரோ ஒருவனின் முதுகு
ஈரமாய் இன்னும் படுத்திருக்கும்.
அதன்மேல் என் துவாயை விரிப்பேன்,
பஸ்ஸில் இடம்பிடிக்க லேஞ்சி போடுவதுபோல.

சித்திரை. மூன்று விசிறியில் ஒன்று சுற்றுகிறது,
அதுவும் மாட்டேன் மாட்டேன் என்று தலையாட்டிக்கொண்டு.
எனக்கு முதலில் மூக்கின் கீழே வேர்க்கும்,
பிறகு முழங்கை மடிப்பில்,
பிறகு முள்ளந்தண்டு வழியே ஒரு வாய்க்கால்,
யாரோ வரம்பு வெட்டித் திருப்பிவிட்டதுபோல
இடுப்புப் பட்டியில் போய்த் தேங்கும்.
கறுப்புச் சட்டை காய்ந்தால்
ஆனையிறவு.

அந்த வெள்ளைக் கோடுகளுக்குக் கீழேதான்
பரு முளைத்தது.
தோளில் ஐந்து. முதுகில் எண்ணவில்லை.
முதுகு பார்க்க இரண்டு கண்ணாடி வேண்டும்,
வீட்டில் ஒன்றுதான்.

அம்மா சொன்னா, மாம்பழச் சூடு.
சின்னண்ணி பயற்றம்மாவும் தேசிக்காயும் கொண்டுவந்தா.
இரத்தினேஸ்வரி மாமி வேலிக்கு மேலால்:
"இரும்பு தூக்கினா இரத்தம் கொதிக்கும், பிள்ளை."
மூவருக்கும் பொதுவான சட்டம் ஒன்று இருந்தது:
வேர்வையோடு தண்ணி வார்க்காதே.
ஆறட்டும்.

நானும் ஆறவிட்டேன்.
ஈரச் சட்டையோடு ஸ்கூட்டியில்
பலாலி வீதிப் புழுதி முழுக்க வாங்கி,
பாண் வாங்கி, போனுக்குக் காசு போட்டு,
நின்று கதைத்து, வீடு வந்து
தேத்தண்ணி குடித்து முடிய
ஒன்றரை மணித்தியாலம்.

கிளினிக்கில் என்னைவிட இளைய ஒரு டொக்டர்.
அவளுடைய தாடையிலும் இரண்டு பரு.
"ஆறுறது வேர்வை இல்லை, அக்கா.
ஊறுறது நீங்கள்."

உடனே மேல் கழுவுங்கோ, என்றாள்.
பீர்க்கம் நாரால் உரஞ்சாதையுங்கோ.
தலை எண்ணெய் நெற்றிக்கு இறங்கக்கூடாது.
நோண்டாதையுங்கோ.
(ஜிம்மில் உள்ள எல்லா எடையிலும்
நோண்டாமல் இருப்பதுதான் பாரம்.)
எழுதித் தந்த கிறீம்
தோலுக்கு முதல் துவாயில் வேலைசெய்தது:
நீலத்தில் தேமல்போல வெளிறிய வட்டங்கள்.
தோலுக்கு ஆறு கிழமை பொறுக்கட்டாம்.

எங்கள் கிணறு உவர். சவர்க்காரம் நுரைக்காது,
திரைந்த பால்மாதிரி ஒட்டும்.
ஜிம்மின் பின்பக்கக் குழாயில் நல்ல தண்ணி,
ஆனால் அது வெட்டவெளி.
முதலாளி செல்வமாணிக்கத்திடம் மறைப்புக் கேட்டேன்.
"பொம்பிளையள் வீட்டை போய்க் குளிக்கலாம்தானே?"
மூன்று கிழமை கேட்டேன்.
நாலாவது கிழமை, கீழ்க்கடையிலிருந்து
தகரம் நாலு, பிணைச்சல் இரண்டு.
கொளுக்கியை வெளியே பூட்டியிருந்தான்.
கழற்றி உள்ளே பூட்டுவித்தோம்.

இப்போது ஆறு மணிக்கு
ஒரு வாளி, ஏழு பேர், ஆளுக்கு நாலு நிமிடம்.
உள்ளே யாராவது பாட்டு முணுமுணுத்தால்
யாமினி தகரத்தில் தட்டுவாள்:
"முழுகாதை! மேலை மட்டும் கழுவு!"

முதுகு பாதி ஆறியிருக்கிறது.
மீதிக்கு என்ன செய்வதென்று தோலுக்கே தெரியவில்லை.
நேற்றும் ஒன்று, சரியாக நாடியில்.

மச்சாளின் கலியாணச் சட்டைக்கு அளவெடுக்க
குருநகர் மெற்றில்டா அக்காவிடம் போனேன்.
நாடா பிடித்த விரல் ஒரு வடுவில் பட்டு
மெல்ல விலகியது.
"பின்கழுத்தை ஏத்தித் தைக்கட்டே?"
நல்ல மனதோடுதான் கேட்டா.

தோள் எவ்வளவு என்று கேட்டேன்.
"பதினஞ்சு. பொறு."
பழைய கொப்பியைப் புரட்டினா.
"போன ஆவணியில பதினாலு.
என்னடி செய்தனி?"

"இறக்கித் தையுங்கோ, அக்கா. நாலு விரல்."
வாசல்வரை வந்து திரும்பினேன்.
"மூன்று போதும்."

அவ பென்சிலால்தான் எழுதியிருந்தா.